வீட்டுக்குப் பைசா போட்டாச்சு, பத்திரத்தில் பேர் போட்டாச்சா?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவர் வீடு வைக்கிறார் என்றால் அந்தக் குடும்பத்தில் எல்லார் கையும் காலியாகும். பெண்ணின் நகை அடித்தளத்துக்குப் போகும், வெளிநாட்டுச் சம்பளம் சுவருக்குப் போகும், குழுக் கடனும் சீட்டுப் பணமும் தரைக்கும் கதவுக்கும் போகும். ஆனால் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு பெயர் இருக்கும். சில வீடுகளில் அந்தப் பெயர், வீடு வைத்தவருடையதாகக்கூட இருக்காது.

இரண்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறேன். ஒன்று தக்கலை பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வைத்தது. மற்றது கருங்கல் பக்கத்தில், என் அப்பாவின் மண்ணில் என் அண்ணன் வைத்தது. ஒரு வீட்டில் நான் பைசா போட்ட மனைவி. இன்னொரு வீட்டில் மண்ணுக்குச் சொந்தக்காரரின் மகள். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால்தான் எழுதத் துணிந்தேன்.

2003 முதல் 2018 வரை நான் சவுதியில் நர்ஸாக இருந்தேன். என் வீட்டுக்காரர் ஊரில்தான். காலையில் ரப்பர் பால் வெட்டு, அப்புறம் ஷீட் வியாபாரம். இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு விட்டது, காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அவர்தான். மாமா (என் மாமனார்) இறந்த பிறகு 2005-ல் நடந்த பாகப்பிரிவினையில் அவருக்கு 11 சென்ட் கிடைத்தது. அதில் 2009-ல் வீட்டு வேலை தொடங்கி 2011-ல் பால் காய்ச்சினோம். என் சம்பளம் மாதாமாதம் அவர் கணக்குக்கு வரும், அவர் எடுத்துக் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கொடுப்பார். அவர் வெயிலில் நின்று வேலை வாங்கியிராவிட்டால் அந்த வீடு ஜன்னல் மட்டத்தைத் தாண்டியிருக்காது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் பாதிதான் கேட்டேன், முழுவதும் கேட்கவில்லை.

அண்ணன் வீட்டுக் கதை வேறு. அவன் குவைத்தில் ஏசி மெக்கானிக். அப்பா பெயரில் இருந்த மண்ணில், "இந்த 8 சென்ட் உனக்குத்தான்" என்று அப்பா வாயால் சொன்ன இடத்தில் வீடு வைத்தான். மைனியின் (அண்ணன் மனைவியின்) நகையும் அதில் இருக்கிறது. வீட்டு வரி அண்ணன் பெயரில், கரண்ட் கனெக்ஷன் அண்ணன் பெயரில், வாசலில் பதித்த கல்லில் அண்ணன் மைனி இரண்டு பேர் பெயரும். 2019-ல் நெஞ்சுவலியில் அண்ணன் போய்விட்டான். பிள்ளைகள் இரண்டும் சின்னது.

மூன்று வருடம் கழித்து, மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடலாம் என்று மைனி ஒரு வங்கிக்குக் கடன் கேட்டுப் போனாள். வீட்டு வரி ரசீதை நீட்டியதும் மேனேஜர் மூலப்பத்திரம் கேட்டிருக்கிறார். பத்திரம் அப்பா பெயரில். "வீடு உங்க பேர்ல இல்ல, உங்க வீட்டுக்காரர் பேர்லயும் இருந்ததில்ல. மாமனார் வந்து கையெழுத்துப் போடுவாரா?" என்று அவர் கேட்டதை வந்து என்னிடம் சொன்னபோது மைனி அழவில்லை. எரிச்சலில் இருந்தாள். "வாசல்ல கல்லு பதிச்சிருக்கோமே, அது போதாதாக்கும்?" என்றாள்.

போதாது. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு எதுவும் உடைமையைத் தராது. பட்டாகூட வருவாய்த் துறைப் பதிவுதான், கிரையமோ (விற்பனைப் பத்திரம்) செட்டில்மென்டோ (இனாமாக எழுதித் தருவது) பாகப் பத்திரமோ இருக்கிற இடத்தில் இருக்கும் பலம் அதற்கு இல்லை. அப்பாவின் மண்ணில் மகன் கட்டிய வீடு என்றால், கட்டிடத்துக்குச் செலவு செய்ததைச் சொல்லி வழக்காடலாம். ஆனால் ஒருவரிடம் பத்திரமும் ஒருவரிடம் கட்டிய செலவுக் கணக்கும் இருக்கும்போது எவர் பக்கம் எளிது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருந்தது. அதைச் சொன்னவர் நாகர்கோவிலில் ஒரு வக்கீலம்மா. நாங்கள் கிறிஸ்தவர்கள். 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 48 சதவீதத்துக்கு மேல், கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு வேறு வேறு வாரிசுச் சட்டம். இந்து குடும்பத்தில், தகப்பனுக்கு முன்னால் இறந்துபோன மகனின் விதவை, மாமனார் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருத்தி. பிள்ளைகளோடு சேர்ந்து, இறந்த மகனின் பங்கு அவளுக்கும் வரும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் மாமனார் சொத்தில் மருமகளுக்கு இடமே இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு உண்டு, அவளுக்கு இல்லை.

வக்கீலம்மா ஒரு தாளில் போட்டுக் காட்டினார். அப்பா எதுவும் எழுதி வைக்காமல் போனால் சொத்தை ஒன்பது பங்காக்க வேண்டும். அம்மாவுக்கு மூன்று. எனக்கு இரண்டு. தங்கைக்கு இரண்டு. அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து இரண்டு. மைனிக்குப் பூஜ்யம். அவள் நகையை விற்று வைத்த வீடு நிற்கிற மண்ணில் எனக்கு அவள் பிள்ளைகள் அளவு உரிமை, அவளுக்கு ஒன்றும் கிடையாது.

எனக்கு அந்தப் பங்கு வந்தது எப்படி என்பதும் எங்கள் ஊர்க் கதைதான். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதியாகவும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்தது. கொல்லம் ஆண்டு 1092-ல், அதாவது 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பன் சொத்தில் மகளுக்குச் சீதனம்தான். அதுவும் மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. கோட்டயத்து மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் பழைய திருவிதாங்கூர் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி ஆண்மக்களுக்குச் சமமான பங்கு என்று உறுதியானது. நல்ல தீர்ப்பு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மகளுக்குப் பங்கு கிடைத்த அந்தச் சட்டத்தில் மருமகளுக்கு இடம் இல்லை என்பதை எங்கள் பக்கம் அதிகம் பேர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்பா உயிரோடு இருந்ததுதான் எங்கள் நல்ல காலம். கிறிஸ்தவர்களுக்குப் பிறப்பிலேயே வரும் பங்கு என்று ஒன்று கிடையாது. அப்பா இருக்கும்வரை முழு உரிமை அவருக்கே, யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், மகள்கள் கையெழுத்துகூட வேண்டியதில்லை. ஆனாலும் நானும் தங்கையும் சாட்சி போடுகிறோம் என்று நாங்களே சொன்னோம். பின்னால் யாராவது எங்கள் காதில் ஓதினாலும் நாங்கள் அன்றைக்கு அங்கே இருந்தோம் என்பது தாளில் இருக்கட்டும் என்று.

அப்பாவிடம் பேசுவது லேசாக இல்லை. எழுதித் தருவதில் அவருக்கு மறுப்பு இல்லை, யார் பெயருக்கு என்பதில்தான் இழுபறி. மைனிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுங்கள் என்று நான் சொன்னேன். "அவளுக்கு வயசு நாப்பதுகூட ஆகல. நாளைக்கு வேற ஒருத்தன் வந்தா எனக்க மகனுக்க வீடு ஆருக்கு?" என்றார் அப்பா. கோபம் வந்தது, அண்ணனுடைய பைசாவும் மைனியுடைய நகையும் போட்ட வீட்டில் இவருக்கு மகன் மட்டும்தான் தெரிகிறான் என்று. வாக்குவாதம் நீண்டது. வரிக் கணக்கும் அவர் பக்கம் பேசியது. குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மென்டுக்கு முத்திரைத்தாள் வரி ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் அந்தக் குடும்பப் பட்டியலில் கணவன், மனைவி, தாய், தகப்பன், மகன், மகள், பேரப்பிள்ளை வருவார்கள், மருமகள் வரமாட்டாள். அவளுக்கு எழுதினால் வெளியாளுக்கு எழுதுகிற கணக்கில் ஏழு சதவீதம்.

கடைசியில் 2023 தொடக்கத்தில் 8 சென்டும் வீடும் பேரப்பிள்ளைகள் இருவர் பெயருக்கும் வந்தது. மைனி கார்டியனாக இருந்து ஏற்றுக்கொண்டாள். அவள் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, வாடகை வந்தால் அனுபவிக்கும் உரிமை இரண்டையும் பத்திரத்தில் எழுத வைத்தேன். எனக்கு இது முழுத் திருப்தி இல்லை. மைனர் சொத்தை அடமானம் வைக்கவோ விற்கவோ கோர்ட் அனுமதி இல்லாமல் நடக்காது என்பதால் அந்த மாடி இன்னும் எழும்பவில்லை. ஆனாலும் நாளைக்கு யாரும் அவளை வீட்டை விட்டு இறங்கு என்று சொல்ல முடியாது. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி எங்கள் வீடு.

அண்ணன் வீட்டுப் பத்திர வேலை முடிந்த சில மாதத்தில், 2023 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பத்திரிகைகளில் வந்தது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்தது. கணவர் 1983 முதல் 1994 வரை சவுதியில் வேலை, மனைவி ஊரில் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்தவர். சொத்து யாருக்கு என்று வழக்கு. வெளியே சம்பாதித்ததும் வீட்டைக் கவனித்ததும் இரண்டுமே சொத்து சேர்வதற்கான பங்களிப்புதான் என்று சொல்லி, அந்தச் சொத்துகளில் சிலவற்றில் மனைவிக்குச் சரிபாதி கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, "இங்க சவுதியில இருந்தது நீ, பிள்ளை வளத்தது நான். அப்ப எனக்குப் பாதி கிட்டுமா?" என்றார் சிரித்துக்கொண்டே. "உங்களுக்குத்தான் முழுசும் இருக்கே, எனக்குப் பாதி கிட்டுமான்னு பாருங்க" என்றேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

அந்தத் தீர்ப்பைப் பற்றி நம் ஆட்கள் பலர் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். மனைவிக்கு இனித் தானாகவே பாதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அப்படி இல்லை. கல்யாணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து இரண்டு பேருக்கும் பொது என்கிற சட்டம் கோவா பக்கம் போர்த்துகீசிய காலத்திலிருந்து இருக்கிறது, நம் ஊரில் கிடையாது. மனைவியின் வீட்டு உழைப்பைக் கணக்கில் எடுக்கச் சட்டம் எதுவும் இல்லை, ஆனால் நீதிபதி அதை எடுப்பதைத் தடுக்கவும் சட்டம் இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு. அதற்காக அந்தப் பெண் வழக்கு நடத்திய வருடங்களை எண்ணிப் பாருங்கள். தீர்ப்பு வருவதற்குள் கணவரே காலமாகி, வழக்கில் அவர் இடத்துக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

வீட்டில் பாதியை என் பெயருக்கு எழுதித் தரச் சொல்லி நான் கேட்ட விஷயம் மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, போனதும் வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் வந்து நின்றார். "எனக்க மகன் உயிரோட இருக்கும்போ நீ எதுக்கு பிள்ள பாகம் கேக்குத? அவனுக்கு என்னமும் ஆகும்னு நினைக்கியா?" சண்டையாக இல்லாமல் வருத்தமாகக் கேட்டதால் நானும் உட்கார்ந்து கணக்குச் சொன்னேன். அவருக்கு ஏதாவது ஆனால், உயில் இல்லையென்றால், கிறிஸ்தவச் சட்டப்படி எனக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. என் சம்பளத்தில் வைத்த வீட்டில் எனக்கு மூன்றில் ஒன்று. மாமி அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அப்போ உங்க மாமா செத்தப்ப எனக்கும் மூணுல ஒண்ணு உண்டா?" என்றார். உண்டு என்றேன். "என்னட்ட ஆரு சொன்னா? விரலப் பிடிச்சு மையில முக்கினானுவ, நான் வச்சேன்."

2005 பாகப் பத்திரத்தில் மாமியும் ஒரு கட்சி. அவர் பங்கு என்று எதுவும் அதில் இல்லை, கடைசிப் பக்கத்தில் பெருவிரல் ரேகை மட்டும் இருக்கிறது. நாத்தனாரும் சீதனம் வாங்கியாச்சு என்று எழுதி விட்டுக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பத்திரத்தைத்தான் மறுநாள் மாமி தன் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தார், பத்திரம் எழுதுகிறவரிடம் கொடு என்று.

பதிவு வேலை நினைத்ததைவிட எளிது, ஆனால் முன்வேலை இருக்கிறது. 2010-ல் பூச்சு வேலைக்கு ஒரு வீட்டுக் கடன் வாங்கி அடைத்திருந்தோம். கடன் முடிந்ததும் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தந்துவிடும், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பத்திரம் வைத்துக் கடன் வாங்கியதாகப் பதிவாகியிருந்தால், தீர்த்ததற்கு ரசீதும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும். கடன் ஓடிக்கொண்டிருக்கிற வீடு என்றால் வங்கியின் சம்மதம் இல்லாமல் பெயர் சேர்க்கப் போகாதீர்கள்.

பத்திரம் எழுதுகிறவர் கம்ப்யூட்டரில் இருந்த மாதிரியைத் திறந்து, "என் மனைவியாகிய தங்கள்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கிவிட்டார். பிரியம் இருக்கட்டும், நான் சவுதியிலிருந்து வங்கி மூலம் அனுப்பிய பணத்தில் கட்டிடம் கட்டியது என்பதையும் எழுதுங்கள் என்றேன். "அதெல்லாம் தேவையில்ல சிஸ்டர், செட்டில்மென்டுக்கு இது போதும்" என்றார். பதிவுக்குத் தேவையில்லைதான். ஆனால் ஒரு ஆடிட்டர் முன்பே சொல்லியிருந்தார்: கணவன் மனைவிக்கு இனாமாகச் சொத்து கொடுத்தால் அதற்கு வரி கிடையாது, ஆனால் அந்தப் பங்கில் வருகிற வாடகையை வருமான வரியில் கணவன் வருமானமாகத்தான் சேர்ப்பார்கள். பணம் யாருடையது என்று பத்திரத்திலேயே ஒரு வரி இருந்தால் பின்னால் பேச ஒரு பிடி கிடைக்கும். எழுத வைத்தேன். முதலிலேயே இரண்டு பெயரில் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கட்டிடம் இருப்பதால் கள ஆய்வு உண்டு. பிரிக்கப்படாத சரிபாதிக்கு 21 லட்சம் மதிப்பு வந்தது. முத்திரைத்தாள் ஒரு சதவீதம், 21,000. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம்தான், ஆனால் உச்சவரம்பு 10,000. ஆக 31,000, எழுத்துக் கூலி தனி. 2023 ஜூலை வரை குடும்பத்துக்குள் எழுதுவதற்கு உச்சவரம்பு முத்திரைத்தாளுக்கு 25,000, பதிவுக்கு 4,000 என்று இருந்தது. அப்பா எழுதியது அந்தக் கணக்கில். இப்போது அது 40,000, 10,000. இதையே கிரையமாக எழுதியிருந்தால் ஏழும் இரண்டும் ஒன்பது சதவீதம், 1,89,000 ஆகியிருக்கும். "எனக்குள்ளதை எனக்கே விற்றுத் தாருங்கள்" என்று கேட்டு அதற்கு இவ்வளவு கட்ட எனக்குப் பைத்தியமில்லை.

பதிவு அன்றைக்கு மாமியும் வந்தார். சாட்சி போட வேறு ஆட்கள் இருந்தார்கள், அவருக்கு அங்கே வேலையே இல்லை. மகன் கேமரா முன்னால் உட்கார்ந்து ரேகை வைப்பதை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் சாயாவும் பழம்பொரியும் வேண்டும் என்றார். பிறகு கூட்டுப் பட்டாவுக்கும், ஊராட்சியில் வீட்டு வரியில் பெயர் சேர்க்கவும் மனு கொடுத்தோம். அதெல்லாம் அலைச்சல்தான், விவரிக்க ஒன்றுமில்லை.

என் கையில் இருந்த தாள்களில் எது எது உதவியது என்று பலர் கேட்கிறார்கள். வங்கி மூலம் அனுப்பிய ரசீதுகள்தான் முதலில். கையில் கொண்டுவந்து கொடுத்த ரியாலுக்கும், ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிட்டதற்கும் கணக்கே இல்லை. அடுத்து நகைக்கடன் ரசீது. என் நகையில் 25 பவுனை அடித்தளம் போடும்போது அடகு வைத்து, பிறகு மீட்காமல் விற்றோம். அடகுச் சீட்டில் என் பெயரும் எடையும் தேதியும் இருக்கிறது. சிமெண்ட், கம்பி பில்லெல்லாம் அவர் பெயரில். வெளிநாட்டில் இருக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன்: பணத்தை உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து கடைக்காரருக்கும் காண்ட்ராக்டருக்கும் வங்கி மூலமே கொடுங்கள். பத்துப் பதினைந்து வருடம் போன பிறகு ஸ்டேட்மென்ட் கேட்டால் வங்கி எடுத்துத் தரும் என்று நம்ப வேண்டாம், வருடா வருடம் அச்சடித்து வையுங்கள்.

நகை விஷயத்தில் சட்டம் தெளிவாகவே பெண் பக்கம் இருக்கிறது. கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்டது பெண்ணுடையது. கணவன் அவசரத்துக்கு எடுத்தால் திருப்பித் தரக் கடமைப்பட்டவன். 2024 ஏப்ரலில், கேரளத்துப் பெண் ஒருவரின் 89 பவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லி அவருக்கு 25 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. ஆனால் நகை உருகி வீடான பிறகு, வீட்டில் பங்கு என்று கேட்பது வேறு வழக்கு. பணம் யார் கொடுத்தார்கள் என்பதோடு, பத்திரம் யார் கையில் இருந்தது, யார் அனுபவித்தார்கள், எதற்காக அவர் பெயரில் வாங்கினார்கள் என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். மனைவி தன் வருமானத்தில் கணவன் பெயரில் வாங்கினால் அது பினாமி ஆகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கணக்குக் காட்டக்கூடிய வருமானத்தில் கணவன் அல்லது மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்குவதைப் பினாமிச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. வருமானத்துக்குத் தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஆசிரியத் தம்பதி. வீட்டுக் கடனில் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்து, தவணை இரண்டு சம்பளத்திலும் போகிறது, பத்திரம் கணவர் பெயரில் மட்டும். டீச்சர் தன் பங்கு வட்டிக்கு வரிச் சலுகை கேட்டபோது கிடைக்கவில்லை, உரிமையாளராகவும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் உரிமையாளராக இருந்திருந்தால் பழைய வரி முறையில் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை காட்டியிருக்கலாம். கடனைக் கட்டும் பொறுப்பு மட்டும் அவருக்கு முழுசாக இருக்கிறது. உரிமைப் பேச்சுக்குக் காது கொடுக்காத ஆண்கள்கூட இந்த வரிக் கணக்கைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள், சொல்லிப் பாருங்கள்.

தோவாளைப் பக்கம் இன்னொரு தோழி, இந்து குடும்பம். கணவர் உயில் எழுதாமல் இறந்தபோது வீடு நான்காகப் பிரிந்தது: அவள், இரண்டு பிள்ளைகள், மாமியார், ஆளுக்குக் கால்வாசி. மாமியாருக்கும் பங்கு உண்டென்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அந்த அம்மா தங்கமானவர், தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லா மாமியாரும் அப்படி இருக்க மாட்டார்கள், அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மகன் சொத்தில் அவருக்கு உள்ள பங்கு அவருக்கு உள்ள பங்குதான்.

புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு பெயரையும் போட்டு, யாருக்கு எவ்வளவு பங்கு என்றும் எழுதுங்கள். எழுதாவிட்டால் போட்ட பணத்தின் அளவுக்குப் பங்கு, அதற்குச் சாட்சி இல்லையென்றால் சமபங்கு என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சம்பளம் வாங்காத மனைவிக்குச் சரிபாதி என்று இருவரும் மனதில் வைத்திருந்தால் அதையும் எழுத்தில் போட்டுவிடுவது நல்லது. 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. என் சித்தி மகன் 4 சென்டை மனைவி பெயரில் வாங்கியது இந்தச் சலுகைக்காகத்தான். காரணம் எதுவானாலும் பெயர் அவளுடையது.

சண்டை ஏற்கெனவே தொடங்கிவிட்ட வீடுகளுக்கு என் அனுபவம் உதவாது. குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு கணவன் பெயரில் இல்லாமல் மாமனார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைப் பெண் கேட்கலாம், 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தங்கும் உரிமைதான் அது, சொந்தம் ஆகாது. வக்கீலுக்குப் பைசா இல்லை என்று நிற்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

எங்கள் வீட்டில் பாதி எனக்கு வந்துவிட்டது. மிச்சப் பாதிக்கு அவரும், என் பாதிக்கு நானும் உயில் எழுதினால்தான் ஒருவர் போனபின் மற்றவர் பிள்ளைகளிடம் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. இரண்டு சாட்சி இருந்தால் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை, நான் பதிவு செய்துவிடுவேன். என்னுடையது எழுதி முடித்துவிட்டேன். அவருடையது நிற்கிறது. உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று மாமி சொல்லிவைத்திருக்கிறார். ஓணம் கழியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று இவரும் தள்ளிக்கொண்டே போகிறார்.